துப்பாக்கிக் கட்டையும் கோலப்பொடியும்

காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு களத்து ஷெட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் பழைய போர்வையை விரித்து, துப்பாக்கியைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார் இவர். குழல் ஒரு பக்கம், இரும்புச் சாமான்கள் ஒரு பக்கம். தோளில் ஊன்றிக்கொள்கிற மரக்கட்டை மட்டும் அவர் மடியில், காய்ச்சல் கண்ட பிள்ளை மாதிரிக் கிடந்தது.

கட்டையின் கழுத்தைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார். முந்தின நாள் பசை போட்டு ஒட்டிய விரிசல் மெல்ல வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து எண்ணெய் கசிந்து அவருடைய நகத்தில் நின்றது.

"புடிக்கல அம்மணி," என்றார்.

"காப்பி ஆறுதுங்க," என்றேன். வேறென்ன சொல்வது? மனிதர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், பழனிச்சாமி. பெயரை எழுதினால் அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை, எனக்குத்தான் கை கூசுகிறது. அதனால் இந்தத் தொடரில் இதுவரை ஓட்டியதுபோலவே 'இவர்' என்றே ஓட்டிக்கொள்கிறேன். பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். தென்னை, கொஞ்சம் நெல், மேட்டில் நிலக்கடலை. காட்டுப்பன்றி இறங்கினால் சுடுவதற்குப் பஞ்சாயத்தில் கூப்பிடுகிற லைசென்ஸ்காரர்களில் இவரும் ஒருவர். வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அது லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயம். துப்பாக்கியை ஆயுதக் கிடங்குக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கழுத்து விரிந்த கட்டையோடு போனால் சுடத் தகுதியில்லை என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேறு கட்டை போட்டுக்கொள் என்பார்கள். கடையில் கிடைக்கிற எந்தக் கட்டையிலும் இவரால் சுட முடியாது. அது தனிக் கதை, வருகிறேன்.

துப்பாக்கி போனால் இவர் என்ன ஆவார் என்பதுதான் என் பயம். பன்றி கிடக்கட்டும். 'பழனிச்சாமியண்ணனக் கூப்புடுங்க' என்று நாலு பேர் சொல்கிறார்களே, அந்த ஒரு சொல்லில்தான் மனிதர் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.

குள்ள அப்பா, நெட்டை மகன்

துப்பாக்கி என் மாமனார் வாங்கியது. ஒற்றைக் குழல். மாமனார் குள்ளமான மனிதர், கட்டையும் அவருக்கு ஏற்ற மாதிரிக் குட்டை. அவர் காலத்துக்குப் பிறகு வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் இவர் பெயருக்கு வந்தது. இவரோ பனைமர உயரம். கழுத்தும் நீளம், கையும் நீளம்.

குட்டைக் கட்டையை நெட்டை ஆள் தோளில் வைத்தால் முகம் முன்னால் போய்விடும். வெடித்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அப்போது அவருடைய கையே அவர் மூக்கில் வந்து குத்தும். கல்யாணமான புதிதில், மீசையில் ரத்தத்தோடு வீட்டுக்கு வருவார். நான் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு ஓடுவேன். என் மாமியார் அசையாமல் முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்பார்: "நீ பன்னியச் சுட்டியா, பன்னி உன்னையச் சுட்டுதா?"

அந்தக் கேலி பொறுக்காமல்தான் தனக்குத் தானே ஒரு நீளக் கட்டை செதுக்கிக்கொள்வது என்று முடிவெடுத்தார். உளி பிடிக்கிற கை அவருக்கு. ஏர்க்கால், ஏணி, மாட்டுத் தொட்டி மூடி எல்லாம் அவரே செய்துகொள்வார். ஆனால் மரத்துக்கு எங்கே போவது? மாமரம் உதை தாங்காது, தேக்கு பிளக்கும் என்றார். ஈட்டிதான் வேண்டுமாம். ஈட்டி மரத்தை நம் நிலத்தில் நின்றாலும் நாம் தொட முடியாது, அது சர்க்கார் மரம்.

வீட்டில் ஈட்டி இருந்தது ஒரே ஒரு இடத்தில். என் கட்டிலில்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து என் அப்பா சீராகக் கொடுத்தனுப்பிய கட்டில் அது. நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். தலைமாட்டுப் பலகை இரண்டு அங்குலக் கனம், அதன் நடுவில் தோகை விரித்த ஒரு மயில். எங்கள் தெருவில் அந்த மயிலைப் பார்க்கவே பெண்கள் வந்திருக்கிறார்கள். இவர் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் முதலில் வேறு விதமாக நினைத்து வெட்கப்பட்டேன். விஷயம் தெரிந்ததும் வந்த கோபம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

கொஞ்ச நாள் பேச்சே இல்லை. சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பிறகு இன்னொரு முறை மூக்கில் ரத்தத்தோடு வந்து நின்றார். மனசு கேட்கவில்லை. "எடுத்துத் தொலைங்க. மயிலை மட்டும் தொட்டீங்க, அப்புறம் நான் பொள்ளாச்சிக்கே போயிருவேன்," என்றேன்.

மயிலைத் தொடவில்லை. அதன் கால்மாட்டிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்த்து அறுத்து எடுத்தார். பலகை ஒரு மூலை காணாமல் போன அப்பம் மாதிரி ஆகிவிட்டது. விருந்தாட்கள் கேட்டால், எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். இவர் வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

கட்டை அருமையாக அமைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மாமனாரின் குட்டைக் கட்டை வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு மூக்கில் ரத்தம் வந்ததே இல்லை. தூக்கித் தோளில் வைத்தால் கன்னம் தானாகப் போய் அதன்மேல் உட்காரும்.

தங்கச்சி சொன்ன வைத்தியம்

கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்து பல வருஷம் ஆகிறது. அது வளர்ந்துகொண்டே வந்து, அந்த மார்கழியில் கத்தி நுனி நுழைகிற அளவுக்கு ஆகிவிட்டது.

என் தங்கச்சியை வட்டவடையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கேரட்டும் பூண்டும் போடுகிற மலையூர். போனில் பேசும்போது, தும்முவதற்குக்கூட அவளிடம் வைத்தியம் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும், "அக்கா, இதுக்கா மாமா இப்படி முழிச்சுட்டு உக்காந்திருக்கறாரு? இங்க மம்பட்டிக் காம்பு விரிஞ்சா ஈரச் சாக்குல சுத்தி வெச்சுருவோம். தானாக் கூடிக்கும்," என்றாள்.

இவரும் சாக்கை நனைத்துச் சுற்றி வைத்தார். ஒரு வாரம் போல் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார். பிரித்துப் பார்த்தால் விரிசலைக் காணோம். விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது. நான் அன்றைக்குக் கேசரி கிளறினேன். தங்கச்சிக்குப் போன் போட்டு, "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கோணும்," என்று இவர் பாராட்டியதை என் காதால் கேட்டேன்.

அவள் ஊரில் பனிமூட்டம். எங்கள் ஊரில் மார்கழி, தை என்றால் காற்று. கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து சுழற்றி அடிக்கும். உதடு வெடிக்கும், கதவு சுருங்கும், கொடியில் போட்ட துணி பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும். அந்தக் காற்று கட்டையைத் தொட்டது. சாயங்காலத்துக்குள் விரிசல் முன்னைவிட அகலமாகத் திறந்துகொண்டது.

அன்று கேசரியைத் தொடுவார் இல்லை.

அதற்குப் பிறகுதான் வேலுமணியைக் கூப்பிட்டோம். வேலுமணி ஆசாரி முக்கு ரோட்டில் கதவு, ஜன்னல் செய்கிறவர். இவருக்குத் தம்பி மாதிரி. வந்தால் இரண்டு பேரும் சண்டை போடாமல் போனது கிடையாது. இரண்டு டியூபிலிருந்து பிதுக்கிக் கலக்குகிற பசையைக் கொண்டுவந்து, "கல்லையே ஒட்டுமுங்ணா," என்று சத்தியம் செய்துவிட்டுத் தடவிப் போனார். அந்தப் பசை ஒட்டாமல் போன காலைதான் நான் காப்பியோடு ஷெட்டுக்குப் போன காலை.

ஒட்டாத பொட்டு

கொஞ்ச நேரத்தில் வேலுமணி வந்துவிட்டார். வந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீங்க ராத்திரி எடுத்து ஆட்டிப் பாத்திருப்பீங்க. உங்களப் பத்தித் தெரியாதுங்களா?"

"ஆட்டறதுக்கு அது என்ன தொட்டிலா? உன்ற பசை பழசு. கடைல மீந்ததக் கொண்டாந்து என்ற தலைல கட்டிட்டுப் போயிட்ட."

"பழசுங்களா? இதே பசைல நேத்து ஒரு கதவு நெலவு ஒட்டியிருக்கறனுங்ணா. போய் யானைய விட்டு இழுத்துப் பாருங்க."

நான் கட்டையை வாங்கிப் பார்த்தேன். விரிசலில் பசை தோல் மாதிரி உரிந்து வந்தது. மரத்தில் ஒரு இழைகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. விரலெல்லாம் பிசுபிசுப்பு. மோந்து பார்த்தேன், விளக்கெண்ணெய் வாசம்.

"ஏனுங்க, எண்ணெய் வழியற நெத்தியில ஒட்டுப்பொட்டு நிக்குமுங்களா?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூசைக்கு எங்கள் ஷெட்டில் நடப்பது இது. மம்பட்டி, அரிவாள், கடப்பாரை, மருந்தடிக்கிற டின், மோட்டார், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைப்போம். துப்பாக்கிக்கு மட்டும் தனி மனை. மரம் வறளக் கூடாது என்று இவர் அதற்கு முதல் நாளே விளக்கெண்ணெய் பூசிவிடுவார். கழுத்தில் கோடு விழுந்த பிறகு, அந்த இடத்தில் கூடக் கொஞ்சம் ஊற்றுவார். காயம்பட்ட இடம் என்று நினைப்பு. நானும் சந்தனம், மஞ்சள், குங்குமம் மூன்றையும் குழைத்துச் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே வைப்பேன். காயத்துக்கு மஞ்சள் வைப்பது நமக்குப் பழக்கம்தானே. சாம்பிராணி காட்டி, சீக்கிரம் கூடிப்போகட்டும் என்று கும்பிட்டும் இருக்கிறேன்.

கூடவிடாமல் வருஷா வருஷம் ஊட்டி வளர்த்தது நாங்கள்தான்.

வேலுமணி சிரித்த சிரிப்பில் கயிற்றுக் கட்டில் ஆடியது. "தோட்டாவோட நீங்க ரெண்டு பேரும் அதுக்குச் சக்கரைப் பொங்கலும் போட்டு வெச்சீங்களாக்கும்?"

"சிரிக்காத. எண்ணெய எடுக்கறதுக்கு வழி சொல்லு," என்றார் இவர்.

வழி நான் சொன்னேன். பட்டுச்சேலையில் எண்ணெய் சொட்டினால் முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டி வைப்போம், அது உறிஞ்சிக்கொள்ளும். இத்தனை எண்ணெய்க்கு எத்தனை டப்பா பவுடர் வாங்குவது? வாசலுக்குப் போடுகிற கோலப்பொடி ஒரு வாளி இருந்தது. வெள்ளைக் கல்லை அரைத்த பொடி. அதைக் கொண்டுவந்து கொட்டினேன். வேலுமணி பெயின்டுக்குக் கலக்குகிற தின்னரை அதில் ஊற்றிக் குழைத்தார். விரிசலைத் தக்கையால் கொஞ்சம் அகட்டி, இட்லி மாவு மாதிரி உள்ளே அப்பி வெயிலில் வைத்தோம்.

காய்ந்ததும் பொடி பழுப்பாக மாறியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அப்பினோம். மறுபடி பழுப்பு. மறுபடி அப்பினோம். வெளியே இருந்த எண்ணெய் போய், அடியில் ஊறியது மேலே வர வர, பொடியில் ஒரு சிவப்பு தெரிய ஆரம்பித்தது. குங்குமம். கோணி ஊசியால் நோண்டினேன், கெட்டியாகப் பொருக்குப் பொருக்காக வந்தது.

அதில் அடியில் இருந்தது என் மாமியார் வைத்ததாக இருக்கும். அவர் கைப்பொட்டு எப்போதும் பெரிதாக இருக்கும். மேலே இருந்தது அவர் தவறிய பிறகு நான் வைத்தது. வாயாடி மனுஷி, என்னை ஒரு நாள் அழவைத்தால் மறுநாள் தலை வாரிவிடுவார். கையில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவர் நினைப்பு வந்துவிட்டது. குப்பையில் கொட்ட மனம் வராமல் தென்னை மூட்டில் கொண்டுபோய்ப் போட்டேன்.

மயிலால் வந்த வினை

எண்ணெய் போனதும் மரத்தின் நிறம் தெளிந்து, ரேகை கண்ணுக்குத் தெரிந்தது. வேலுமணி கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நார் சாஞ்சு ஓடுதேங்ணா. கழுத்துங்கறது சன்னமான எடம். அங்க நார் நேரா ஓடோணும். குறுக்கால போனா வெடிக்கத்தான் செய்யும். இத அறுத்தவனக் காட்டுங்க, நாலு வார்த்தை கேக்கறேன்."

"நாந்தான் அறுத்தேன்," என்றார் இவர்.

"உங்களுக்கா தெரியாது? ஏர்க்காலுக்கு நார் பாத்து எடுக்கற ஆளு நீங்க."

இவர் என்னைப் பார்க்காமல் கட்டையைப் பார்த்துச் சொன்னார். "நேரா அறுத்திருந்தா மயிலு போயிருக்கும்."

வேலுமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. என் மயிலுக்காகத்தான் சாய்த்து அறுத்திருக்கிறார். சாய்த்து அறுத்தால் ஒரு நாள் கழுத்து வெடிக்கும் என்று தெரிந்தே அறுத்திருக்கிறார். இத்தனை வருஷம் நான் எலிக் கதை சொல்லிச் சொல்லிக் குத்திக் காட்டியபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா மயிலையே அறுத்துக்கங்கன்னு விட்டிருப்பேனில்லீங்க?" என்றேன்.

"நீயா? விட்டிருப்ப," என்றார். சொன்ன விதத்தில் நம்பவில்லை என்று தெரிந்தது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்தேன்.

கருப்பு எங்கே ஒட்டியிருக்கிறது?

நார் சாய்வு ஒன்று. இன்னொரு காரணமும் இருக்க வேண்டும் என்றார் இவர். இரும்புப் பாகத்திலிருந்து ஒரு நாக்கு நீண்டு கட்டையின் கழுத்துக்குள் இறங்கும். வெடிக்கும்போது அந்த நாக்கு மரத்தில் எங்காவது முட்டினால், ஆப்பு வைத்துப் பிளக்கிற மாதிரி ஒவ்வொரு வெடிக்கும் பிளந்துகொண்டே போகும். எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடித்து, அங்கே மரத்தைத் துளி செதுக்கிவிட வேண்டும்.

அதற்கு அவர் செய்தது எனக்குப் பழகிய வேலைதான். விளக்கைப் பொருத்தி, கண்மைக்குப் புகை பிடிக்கிற மாதிரி இரும்பு நாக்கின் மேல் கரியைப் படிய வைத்தார். அதைக் கட்டையில் இறக்கி, அழுத்தி, எடுத்தார். முட்டுகிற இடத்தில் மரத்தில் கருப்பு ஒட்டிக்கொள்ளும்.

கட்டையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். தலையைச் சாய்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கருப்பு எங்க ஒட்டியிருக்குது, பாரு."

கருப்பு நன்றாகத் தெரிந்தது. ஷெட் வாசலில் நின்ற வேலுமணிக்கே தெரிந்தது.

நான் காட்டினேன். என் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டு உளியை வைத்தார். வேலுமணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சில மாதமாகவே டம்ளருக்கு வெளியே காப்பி ஊற்றுகிறார், வலது பக்கம் யாராவது வந்து நின்றால் திடுக்கிடுகிறார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தீருகிற விஷயம் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோய்விட்டது. துப்பாக்கிக்காரருக்கு வலது கண்தானே எல்லாம்.

நான் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. விரிசல் கூடட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இந்த முறை பசை பிடித்தது. சவரக் கத்தியால் உள்வரைக்கும் பசையைத் தள்ளினார்கள். குறுக்கே ஓட்டை போட்டு ஒரு பித்தளைக் கம்பியைச் செருகினார்கள். பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றினார்கள். கட்டை கழுத்துக் கட்டோடு சில நாள் எங்கள் சாமி மாடத்துக்குக் கீழே படுத்திருந்தது. ஒருவரும் பொட்டு வைக்கவில்லை.

பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது விரிசல் இருந்த இடத்தில் பென்சில் கோடு மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. பெருவிரலால் அழுத்தினார். அசையவில்லை. வேலுமணி அழுத்தினார். அசையவில்லை. இரண்டு பேரும் சண்டை போடாமல் சேர்ந்து டீ குடித்தார்கள்.

ஆயுதக் கிடங்கில் சோதித்த மலையாளி அதிகாரி டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தார். "இது ஆரா செய்தே?" என்றார். இவர் என்னைக் கைகாட்டினார். அதிகாரி நம்பாமல் சிரித்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று தாளில் முத்திரை வைத்துக் கொடுத்தார். லைசென்ஸ் புதுப்பித்து வருகிற வரைக்கும் துப்பாக்கி கிடங்கிலேயே இருக்கட்டும் என்றார்.

டாக்டர் போடாத கையெழுத்து

மிச்சமிருந்தது டாக்டர் சர்டிபிகேட். பாலக்காட்டில் கண் டாக்டரிடம் போனோம். இடது கண்ணை மூடி வாசிக்கச் சொன்னார். இவர் பேசாமல் இருந்தார். தெரிகிற வரைக்கும் சொன்னால் போதும் என்றார் டாக்டர். இவர் கண்ணை மூடியிருந்த கையை எடுத்துவிட்டார்.

கண்ணுக்குள் பிரஷர் ஏறி, வலது கண்ணில் பெரும்பங்கு பார்வை போய்விட்டதாம். போனது வராது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், இடது கண்ணும் கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் அதை வைத்துக்கொண்டு தோட்டம் துரவெல்லாம் பார்க்கலாம் என்றார். சுடுவதற்கு மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று தன்மையாகத்தான் சொன்னார்.

சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். நான் ஏதேதோ பேசினேன்.

அதற்குப் பிறகு ஷெட்டுக்குப் போவதையே விட்டுவிட்டார். துப்பாக்கி கிடங்கிலேயே இருந்தது. கிழக்குத் தோட்டத்துக்காரர் போன் செய்து, கடலைக்காட்டை உழுத மாதிரிக் கிளறிப் போட்டிருக்கிறது, வாங்க என்று கெஞ்சினார். "வேற ஆளப் பாத்துக்கங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அந்தப் போனையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன். எதைப் பார்க்கக் கூடாது என்று அத்தனை பாடுபட்டேனோ அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் விடிந்ததும் வந்து கேட்டார். "அம்மணி, லைசென்ஸ உம்பேருக்கு எழுதிக் குடுத்தரலாமா?"

"எம்பேருக்குங்களா? பையன் பேருக்குக் குடுங்க."

"கோயமுத்தூர்ல பட்டாசு வெடிச்சாலே சன்னலச் சாத்தறவன் அவன்."

"எனக்குச் சுடத் தெரியாதுங்க."

"சொல்லிக் குடுக்கறக்கு ஆளு இருக்குது. இத்தன வருசமா கருக்கல்ல வரப்புல நின்னு, அதோ அங்கன்னு கைகாட்டுனது பூரா யாரு? பாத்தது நீ. நான் சுட்டதோட சரி."

நான் கோலப் புள்ளி வைக்கிறவள், கண் பழுதில்லை. ஆனால் அதற்காக இல்லை, அவர் கேட்டார் என்பதற்காகத்தான் சரி என்றேன். வில்லேஜ் ஆபீஸ், தாலூக்கு ஆபீஸ், கலெக்டரேட் என்று ஏறி இறங்கினோம். பயிற்சிக்குப் போன இடத்தில் என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள். அங்கிருந்த துப்பாக்கிகளில் பழகினேன். தோள் கன்றிப்போய் வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வேன். தங்கச்சி போனில், "அக்கா, இனி மாமா உன்ற கிட்ட எதுத்துப் பேசுவாரா?" என்று கேட்டாள்.

களத்தில்

என் பெயரில் லைசென்ஸ் வந்து, என் கையெழுத்தில் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்று சாயங்காலம் வெயில் இருக்கும்போதே களத்துக்குக் கூட்டிப்போனார். குழலைத் திறந்து, தோட்டா இல்லை என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "தோள்ல வெய்யி," என்றார்.

வைத்தேன். அவர் கட்டை அல்லவா, எனக்கு வெகு நீளம். கை எட்டவில்லை, கன்னம் எங்கேயோ பின்னால் கிடந்தது. குழலின் நுனியைப் பார்க்கக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது.

"பரவால்லீங்க, போகப் போகப் பழகிக்கறேன்," என்றேன்.

"கையை மடக்கு," என்றார். என் முழங்கை மடிப்பில் கட்டையின் அடியை ஊன்றி, விரலைக் கொண்டுபோய்ச் சுடுகிற விசையில் வைத்துப் பார்த்தார். எவ்வளவு மிச்சம் என்று தன் விரலாலேயே அளந்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். கட்டையைக் கழற்றிக் கயிற்றுக் கட்டிலின் சட்டத்தில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு, ரம்பத்தை எடுத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்க, அறுத்துப்புட்டா அப்புறம் உங்களுக்கு ஆகாதுங்க."

"கோடு எனக்குச் சரியாத் தெரியல. நீ பாத்துச் சொல்லு."

"வேண்டாமுங்க."

"சொல்லு அம்மணி."

ரம்பம் ஏறியது. கொஞ்சம் வலது பக்கமுங்க, இப்பச் சரி, நேராப் போங்க என்று நான் சொல்லிக்கொண்டே நின்றேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டி, கடைசிக் கொஞ்சம் கோடு எனக்கும் தெரியவில்லை. அவராகவே அறுத்தார். துண்டு கீழே விழுந்தது.

ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தார். மறுபடி பூட்டினார். என்னிடம் கொடுப்பதற்கு முன்னால், வெறும் துப்பாக்கியைத் தூக்கித் தன் தோளில் ஒரு முறை வைத்துப் பார்த்தார். முகம் முன்னால் போய்விட்டது, கழுத்தைக் குறுக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது கொஞ்சமும் சேரவில்லை.

"இப்பச் சரியா இருக்குது," என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.